சட்டம் கொடுத்தல்: பாத்திர விளையாட்டில் விதியின் இடம்

கலைத் திறனாய்வில் உருவம், உள்ளடக்கம் என்னும் இரண்டினுள் எது முதன்மை வாய்ந்தது என்னும் விவாதம் எமக்குப் புதியதன்று. ஈழத்து இலக்கிய உலகில் அது ஒரு தலைமுறைக் காலம் வரை நிகழ்ந்தது. இன்றும் முற்றாக ஓய்ந்துவிட்டதெனக் கூறவியலாது. அதனோடு நெருங்கிய உறவுடைய வேறொரு விவாதம், இலக்கியமென்றோ நாடகமென்றோ பொதுவாகக் கொள்ளப்படாத ஒரு துறையிலே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. மேசையைச் சூழ்ந்திருந்து விளையாடப்படும் பாத்திர விளையாட்டே அத்துறையாகும். அவ்விளையாட்டில் விதிமுறைமை எவ்வளவு முக்கியமானது என்பதே அவ்விவாதத்தின் மையப் பொருள். இக்கட்டுரை அவ்வினாவினை மட்டக்களப்பின் கூத்துக் களரியிலிருந்து நோக்க முற்படுகின்றது.

இவ்விளையாட்டினை அறியாதார் பொருட்டு அதன் அமைப்பினைச் சுருங்கக் கூறுதல் தகும். நால்வர் அல்லது ஐவர் ஒன்றுகூடுவர். அவருள் ஒருவர் நடத்துநர். கதை நிகழும் உலகை விரித்துரைப்பதும், அவ்வுலகிலுள்ள ஏனையோர் அனைவருக்கும் குரல் கொடுப்பதும் அவர் பொறுப்பு. மற்றையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்கின்றது என்பதைச் சொல்லிக்கொண்டு செல்வர். சொன்ன செயல் நிறைவேறுமா என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டப்படும். விதிநூல் கூறும் எண்களைக்கொண்டு விளைவு துணியப்படும். வென்றவர் தோற்றவர் என்பது இல்லை. எஞ்சுவது கூடியிருந்தோர் சேர்ந்து கட்டிய ஒரு கதை மாத்திரமே.

சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில் இவ்விளையாட்டினை எமதூராகிய ஆரையம்பதியிலேயே காணும் வாய்ப்புக் கிட்டியது. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைந்து கிடக்கும் இவ்வூரை ஆரைப்பற்றை எனும் பழம்பெயரால் வழங்கும் முதியோர் இன்னும் உளர். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருமகன் ஒருவன், அயல்வீட்டு இளைஞர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் இவ்விளையாட்டினை நடத்தினான். முதல் இரண்டு இரவுகளும் விதிநூலின்படியே ஆட்டம் நடந்தது. ஒவ்வொருவருக்கும் முறை வந்தது, முறை வந்தவன் பேசினான், பகடை உருண்டது. நால்வருள் ஒருவன் பொதுவாக வாய் திறவாதவன். அவனும் தன் முறை வந்தபோது தயங்கித் தயங்கியாயினும் தன் பாத்திரம் செய்வதைச் சொன்னான். மூன்றாம் இரவில் மருமகன், “மாமா, இந்த எண்கள் எல்லாம் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன, இனிப் பகடையை ஒதுக்கிவிட்டுக் கதையை மட்டும் சொல்லப்போகிறோம்” என்றான். ஆட்டம் முன்னையிலும் விறுவிறுப்பாகவே நடந்தது. ஆயினும் பேச்சு வல்லவர் இருவரே அதனை நடத்தினர். வாய் திறவாதவன் அன்றிரவு ஒரு சொல்லும் பேசவில்லை. நான்காம் இரவு அவன் வரவுமில்லை.

அவ்விரவுகளில் சாய்மனைக் கதிரையிலிருந்து இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இளமையிற் கூத்தாடியவர், பின்னர் பழக்கியவர். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “இதுக்கு ஆர் மனே சட்டம் குடுத்த?” மருமகனுக்கு அக்கேள்வி விளங்கவில்லை. விளையாட்டுக்குச் சட்டம் எழுதியவர் யார் என்று அவர் வினவியதாகவே அவன் எண்ணினான். கூத்து வழக்கில் அச்சொல்லுக்குரிய பொருள் வேறு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

விதிமுறைமை பற்றிய விவாதத்தின் வரலாறு பாத்திர விளையாட்டின் வரலாற்றினும் நீண்டதாகும். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியாகிய றைஸ்விற்ஸ் 1824இல் போர்ப்பயிற்சிக்கான விளையாட்டொன்றினை விரிவான விதிகளுடன் வகுத்தார். நிலப்படத்தின் மீது படைக்குறிகளை நகர்த்தி, பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு இழப்புகளைக் கணிக்கும் முறை அது. காலப்போக்கில் அவ்விதிகளின் பளு ஆட்டத்தை மந்தமாக்குவதாக அதிகாரிகள் குறைகூறினர். 1876இல் வேர்டி டு வேர்னுவா என்னும் படைத்தலைவர் அட்டவணைகளைத் தள்ளிவிட்டு, அனுபவம் வாய்ந்த நடுவரின் தீர்ப்பே போதுமென வாதிட்டார். ஆட்டம் விரைவு பெற்றது. ஆனால் அதன் தகுதி இப்போது முற்றிலும் நடுவரின் தகுதியைப் பொறுத்ததாயிற்று. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. விதி அகன்ற இடம் வெறுமையாய் இருக்கவில்லை. அவ்விடத்தே ஒரு மனிதர் வந்து அமர்ந்தார். படையிலே அம்மனிதர் மேலதிகாரியாகவும் இருந்தார்.

இப்போர் விளையாட்டு மரபிலிருந்தே இன்றைய பாத்திர விளையாட்டுப் பிறந்தது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளுக்குப் பதிலாகத் தனித்தனி மனிதரின் பாத்திரங்களை ஆட்டக்காரருக்கு வழங்கிப் பார்த்தார். அவரது வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆணெசன் அதனை வளர்த்தெடுத்தார். ஆணெசனும் கெரி கைகக்ஸும் இணைந்து 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிறாகன்ஸ்’ என்பதே அச்சில் விற்பனைக்கு வந்த முதற் பாத்திர விளையாட்டாகக் கருதப்படுகின்றது. அம்மூன்று சிறு நூல்களின் இறுதியிலேயே, விதிகளை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்னும் கருத்துப்பட ஆசிரியர்கள் எழுதியிருந்தனர். விதிநூலே விதியின் முதன்மையை மறுத்த நிலை அது. நல்ல நடத்துநரும் நல்ல கூட்டமும் வாய்த்தால் எந்த விதிநூலாயினும் போதும் என்னும் கொள்கை அன்றுதொட்டு வேரூன்றியது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின்னர், றொன் எட்வேட்ஸ் என்பார் இக்கொள்கையை நேர்முகமாக எதிர்த்து, முறைமை முக்கியமானதே என வாதித்தார். இவ்விரு கட்சிகளும் இன்றுவரை நிலைத்துள்ளன.

முறைமை முக்கியமென்போர் காட்டும் சான்றுகள் வலுவானவை. 1974இன் விளையாட்டில் ஒரு பாத்திரம் அனுபவ வளர்ச்சி பெறுவது, கொன்ற பூதங்களினால் மட்டுமன்றி ஈட்டிய பொன்னினாலுமாகும். ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி என்பதே கணக்கு. ஆட்டக்காரருக்கு எவரும் நீதி போதிக்கவில்லை; ஆயினும் சண்டையைத் தவிர்த்துப் புதையலைத் தந்திரத்தாற் கவர்வதே அறிவுடைமை என்பதை அவர்கள் விரைவிற் கண்டுகொண்டனர். 1989இல் வந்த பதிப்பிற் பொன்னுக்குரிய புள்ளி விரும்பினாற் கொள்ளத்தக்கதாய்ப் பின்தள்ளப்பட்டது. 2000ஆம் ஆண்டின் பதிப்பில் எதிர்ப்பட்ட இடர்களை வெல்வதே வளர்ச்சியின் முதன்மையான வழியாயிற்று. பெயர் அதுவே; குகைகளும் பூதங்களும் அவையே. ஆனால் திருடரின் தந்திரக் கதையாக இருந்தது வீரரின் போர்க் கதையாக மாறிற்று. 1981இல் வெளிவந்த ‘கோல் ஒவ் கதுல்லு’ இன்னொரு சான்று. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனநலம் ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். மறைபொருள்களைப் பற்றிய அறிவு பெருகப் பெருக அவ்வெண் எட்டக்கூடிய உச்ச அளவு குறைந்துகொண்டே வரும். அறிதலே அழிவென்னும் அவலக் கருத்தினை நடத்துநர் வாயாற் சொல்லவேண்டியதில்லை. விதி அதனைச் செய்து காட்டிவிடுகின்றது. இங்கு உருவமே உள்ளடக்கத்தைப் பேசுகின்றது.

எனினும் இச்சான்றுகள் வினாவின் ஒரு பாதியையே விளக்குகின்றன. விதி ஆட்டத்தின் சுவையையும் போக்கையும் மாற்றுகின்றது என்பது பெறப்பட்டது. எங்கள் விறாந்தையிலிருந்து எழுந்து சென்ற இளைஞன் ஏன் சென்றான் என்பதற்கு இது விடையாகாது. மூன்றாம் இரவின் கதை சுவையிற் குறைந்ததன்று. அவ்விடையினைத் தேட எமது கூத்து மரபு துணைபுரிகின்றது.

கூத்தும் பாத்திர விளையாட்டும் ஒன்றல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். கூத்தின் கதை முன்னரே தெரிந்தது. கர்ணன் இறப்பான் என்பது களரியைச் சூழ்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். பாத்திர விளையாட்டிலோ முடிவு எவருக்கும் தெரியாது. ஆகவே ஒன்றில் விதி ‘எவ்வாறு’ என்பதை ஆள்கின்றது. மற்றதில் ‘யாது’ என்பதை ஆள்கின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொண்ட பின்னரும் இரண்டிற்கும் பொதுவான ஒன்று எஞ்சுகின்றது. இரண்டிலும் சாதாரண மனிதர் தமக்குரியதல்லாத ஒரு வேடத்தை ஏற்கின்றனர். அவ்வேடத்தை யார் ஏற்பது, எப்போது பேசுவது, அது சரியாக நிகழ்ந்ததா என்று யார் சொல்வது என்னும் வினாக்கள் இரண்டிற்கும் உரியன.

மட்டக்களப்புக் கூத்தில் இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் ஒழுங்கு மிகத் தெளிவாக அமைந்துள்ளது. ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடி ஆடவேண்டிய கூத்தினைத் தீர்மானிப்பர். ஆடவிரும்புவோரின் குரல், உடல்வாகு, ஆடுந்திறன் என்பன நோக்கப்படும். பின்னர் நல்ல நாளொன்றில், ஊரறிய, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய பாடற்பகுதி கையளிக்கப்படும். இதுவே ‘சட்டம் கொடுத்தல்’. அதன்பின் மாதக்கணக்கிற் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், ஈற்றில் அரங்கேற்றம். ஒருவன் சட்டம் பெற்றுவிட்டானாயின் அப்பாத்திரம் அவனுடையது. இடையில் வேறொருவன் மேலும் நன்றாகப் பாடுகின்றான் என்று அண்ணாவியார் தம் விருப்பப்படி மாற்றிவிடுதல் எளிதன்று. ஊர் அதற்குச் சாட்சியாக நின்றிருக்கின்றது.

விதிநூலைக் குறிக்கும் சொல்லும் ஒருவனுக்குரிய பாத்திரப் பகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகவே அமைந்தமை எமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது. இங்கே சட்டம் என்பது ஒருவனைக் கட்டுப்படுத்தும் ஏவல் மாத்திரமன்று. அவனுக்குக் கையளிக்கப்பட்ட உரிமையுமாகும். முதியவர் மருமகனிடம் வினவியது இதனையே. அந்தப் பேசாத இளைஞனுக்கு அவனது இடத்தைக் கொடுத்தவர் யார்? முதலிரு இரவுகளிலும் விதிநூல் கொடுத்தது. மூன்றாம் இரவில் எவரும் கொடுக்கவில்லை. கொடுக்கப்படாத இடத்தினை எடுத்துக்கொள்ள வல்லவர் எடுத்துக்கொண்டனர்.

கூத்தின் ஆட்டவிதிகளும் இவ்வாறே நோக்கத்தக்கன. வடமோடி, தென்மோடி என்னும் இரு மோடிகளுக்கும் தாளக்கட்டு, ஆடல், பாடும் முறை, உடை என்பவற்றிலே தனித்தனி ஒழுங்குகளுண்டு. வட்டக்களரியின் நாற்புறமும் அமர்ந்திருப்போர் இவ்வொழுங்குகளை அறிந்தோர். பலர் முன்னர் ஆடியோர். வரவுத் தாளத்திற்குக் கால் பிசகினால், அரசனாக ஆடுபவன் ஊரில் எத்துணைச் செல்வாக்குடையவனாயினும், அப்பிசகு களரியைச் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் தெரியும். மத்தளம் ஆளைப் பார்த்து ஒலிப்பதில்லை. விதி பொதுவிற் கிடந்தமையாலேயே, ஏட்டெழுத்தறியாத உழவனும் மீனவனும் அரசனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பெற்றிருந்தனர். இவ்வுரிமை அண்ணாவியாரின் பெருந்தன்மையால் வந்ததன்று, தாளக்கட்டினால் வந்தது.

இதிலிருந்து எமது முடிவின் முதற்பகுதியைக் கூறலாம். விதிமுறைமையின் முதன்மையான பணி, நிகழ்ச்சியின் விளைவைத் தீர்மானிப்பது என்பதைவிட, தீர்மானிக்கும் உரிமையைக் கூடியிருப்போரிடையே பங்கிடுவது என்பதே பொருந்தும். ஆகவே ஒரு விளையாட்டின் விதிகளை மதிப்பிடுமிடத்து, அவை எத்தனை, எவ்வளவு நுட்பமானவை என்று எண்ணுதல் பயன்தராது. அவை யாருக்குப் பேசும் இடம் அளிக்கின்றன, யாருடைய விருப்பிலிருந்து யாரை விடுவிக்கின்றன என்றே வினவவேண்டும்.

விதிகளின் தொகை பொருட்டன்று என்பதற்கு எமது பிரதேசமே இரு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகின்றது. ஒன்று கொம்புமுறி. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்து, மழை வேண்டியும் நோய் நீங்கவும் நடத்தப்பட்டு வந்த இவ்விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். முன்னது கோவலன் பக்கம், பின்னது கண்ணகி பக்கம். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு வழங்கும் அங்கெலியவும் இத்தகையதே. இரு சேரியாரின் வளைந்த கொம்புகளும் ஒன்றோடொன்று கொளுவப்பட்டுக் கயிற்றினால் இழுக்கப்படும். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். சேரிகள் ஒன்றையொன்று வசைபாடும். உறவினரே எதிரெதிர்ச் சேரிகளில் நின்று ஏசிக்கொள்வர். இத்துணைச் சினத்தையும் தாங்கி நிற்பது ஒரேயொரு விதி. முறிந்த கொம்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றது; அதற்கு நடுவரின் விளக்கம் வேண்டியதில்லை. 2005இல் வெளியான ‘டிரெட்’ என்னும் பாத்திர விளையாட்டு, பகடையை நீக்கி, அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து கட்டைகளை உருவும் முறையை வைத்தது. கோபுரம் சரிந்தால், சரித்தவரின் பாத்திரம் கதையை விட்டு நீங்கும். அவ்விளையாட்டினை ஆக்கியோர் எமது கொம்பினை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரு விளையாட்டுகளும் ஓருண்மையை அறிந்துள்ளன: எல்லார் முன்னிலையிலும் முறியக்கூடிய ஒரு பொருள், நூறு பக்க அட்டவணை செய்யும் பணியைச் செய்துவிடும்.

மற்றையது மகிடி. ஊர் நடுவே கும்பம் வைக்கப்படும். அதனைக் கவர வரும் மந்திரவாதிகளுக்கும் அதனைக் காத்து நிற்போருக்குமிடையே மந்திரப் போட்டி நிகழும். எழுதப்பட்ட உரையாடல் கூத்திலுள்ள அளவு இதில் இல்லை. பேச்சுப் பெரும்பாலும் அவ்வப்போது ஆக்கப்படும். ஊர்ச் செய்திகளும் கேலிகளும் அதனூடே நுழையும். மேசைப் பாத்திர விளையாட்டிற்கு எமது மரபில் மிக நெருங்கி நிற்பது இதுவென்றே கூறலாம். விதி தளர்ந்த இவ்வாட்டத்தையும் கும்பம் என்னும் ஒன்றே ஆட்டமாக்குகின்றது. கும்பத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது நாவன்மை உடையோரின் கேலிப்பேச்சு. எடுக்கவேண்டியதும் காக்கவேண்டியதும் எதுவென்பது தெளிவாயிருப்பதனாலேயே, நாவன்மை இல்லாதவனுக்கும் அங்கே செய்யத்தக்க செயலொன்று உண்டு.

இனி, எமது வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பொன்றினை எதிர்கொள்ள வேண்டும். விதி உரிமையைப் பங்கிடுகின்றது என்றால், அது நேர்மையாகப் பங்கிடுகின்றதா? மரபுக் கூத்தில் பெண்கள் ஆடவில்லை. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். சாதியும் செல்வமும் களரிக்கு வெளியே நிற்கவில்லை. யார் ஆடலாம், யார் எங்கே நிற்கலாம் என்பதில் அவை தம் பங்கினைக் கேட்டுப் பெற்றன. சட்டம் ஊரறியக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் ஊர் என்பதனுள் அடங்கியோர் யாவர் என்பதும் ஒரு சட்டத்தினாலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. விதியினை வெறுமனே போற்றுவோர் இதனை மறைத்துவிடுகின்றனர்.

இம்மறுப்பு உண்மையானது. எனினும் அது விதியை நீக்குவதற்குக் காரணமாகாது; திருத்துவதற்கே காரணமாகின்றது. வெளிப்படையாக நிற்கும் விதியோடு வழக்காடலாம். பெண்கள் ஏன் ஆடக்கூடாது என்று கேட்கலாம், கேட்டும் இருக்கின்றனர். ஒருவருடைய மனத்துள் மறைந்து நிற்கும் விருப்பத்தோடு வழக்காட இயலாது. அது தன்னை விதியென்று ஒப்புக்கொள்வதுமில்லை; ‘ரசனை’ என்றும் ‘கதையின் ஓட்டம்’ என்றும் பெயர் சூடிக்கொள்ளும்.

கூத்தின் விதிகள் மாற்றப்பட்ட வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். மாணவருக்கு ஆடல் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். விடிய விடிய நிகழ்ந்த ஆட்டம் இரண்டொரு மணித்தியாலத்துள் அடக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இம்முயற்சி இல்லையேல் படித்தோர் உலகம் கூத்தினை ஒரு கலையாக மதித்திருக்குமா என்பது ஐயமே. இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களின் ஆய்வாளராகவும் கூத்துருவில் புதிய உள்ளடக்கத்தைக் கொணர்ந்தவராகவும் விளங்கியமை அம்முயற்சியின் பயன்களுள் ஒன்று. ஆயினும் எமது வினாவினை இங்கும் எழுப்பவேண்டும். இம்மாற்றத்தால் தீர்மானிக்கும் உரிமை எங்கே சென்றது? நாற்புறமும் இருந்து தாளத்தைத் தீர்ப்பிட்ட ஊரவர் ஒருபுறத்து இருக்கைகளில் அமர்ந்த பார்வையாளராயினர். அண்ணாவியாரின் மேல் நெறியாளர் என்னும் புதியதொரு பதவி தோன்றிற்று. ஆட்டத்தின் நேரமும் சுவையும் மாறியமையினும் ஆழமான மாற்றம் இதுவெனவே கருதலாம்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தோரும் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இன்னொரு வழியைக் காட்டிற்று. அங்கு களரி களரியாகவே இருந்தது. கூத்தினை ஆடும் சமூகத்தினரே கூடியிருந்து, பாத்திரங்களில் பெண்மையும் சாதியும் காட்டப்படும் முறையினைக் கேள்விக்குட்படுத்தி, மாற்றவேண்டியவற்றைப் பேசி மாற்றினர். அதன் கலைப்பயன் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் சட்டத்தை மாற்றும் உரிமையும் சட்டம் பெற்றோரிடமே இருக்கவேண்டும் என்னும் கொள்கை அதில் அடங்கியுள்ளது. பாத்திர விளையாட்டுக்காரர் தம் மேசையில் விதியை மாற்றுமிடத்தும் இதுவே அளவுகோலாகத் தகும். மருமகன் பகடையை ஒதுக்கியது பிழையன்று. நால்வரையும் கேளாது ஒதுக்கியதே பிழை.

இறுதியாக, நடத்துநரைப் பற்றிச் சில கூறவேண்டும். நல்ல நடத்துநர் இருப்பின் விதி வேண்டியதில்லை என்போர், நடத்துநரை விதிக்கு வெளியே நிறுத்துகின்றனர். தமிழ் மரபு அவ்வாறு நிறுத்தவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடும் மாதவியின் பயிற்சியை மட்டும் கூறி அமையாது, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், யாழாசிரியன் முதலியோருக்கு இருக்கவேண்டிய தகுதிகளையும் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றது. அரங்கின் அளவுகளையும் குறிக்கின்றது. ஆட்டுவிப்போனும் இலக்கணத்துக்கு உட்பட்டவனே என்பது அதன் கருத்து. 2010இல் வின்சென்ற் பேக்கர் வெளியிட்ட ‘அபொகலிப்ஸ் வேர்ல்ட்’, நடத்துநர் எக்கோட்பாடுகளுக்கு அமையப் பேசவேண்டும், எத்தகைய நகர்வுகளைச் செய்யலாம் என்பவற்றையும் விதிகளாகவே எழுதிவைத்தது. பாத்திர விளையாட்டு உலகம் அதனை ஒரு புதுமையாக வரவேற்றது. எமக்கு அது பழையதோர் அறிவின் மறுதோற்றமாகவே படுகின்றது.

விதிமுறைமை எவ்வளவு முக்கியமானது என்னும் வினாவுக்கு நாம் தரும் விடை இதுவாகும். ஒருவரையொருவர் நன்கறிந்த, ஒத்த நாவன்மையும் ஒத்த செல்வாக்கும் வாய்ந்த நண்பரிடையே விதியின் தேவை குறைவு. அவர்களிடையே உரிமை முன்னரே சமமாகப் பங்கிடப்பட்டுள்ளது. அத்தகைய கூட்டங்கள் உலகில் மிகச் சில. எஞ்சிய எல்லாக் கூட்டங்களிலும் வல்லவர் உளர், மெலிந்தவர் உளர். பேசுவோர் உளர், பேசாதோர் உளர். அங்கே விதி முக்கியமன்று எனக் கூறுபவர் எந்த இருக்கையில் அமர்ந்துகொண்டு கூறுகின்றார் என்பதை முதலில் நோக்கவேண்டும். பெரும்பாலும் அது நடத்துநரின் இருக்கையாகவோ நாவன்மை உடையோரின் இருக்கையாகவோ இருக்கும்.

இது விளையாட்டோடு மட்டும் நின்றுவிடும் செய்தியன்று. எமது மன்றக் கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் ‘முறைகள் எதற்கு, மனம்விட்டுப் பேசுவோம்’ என்னும் அழைப்பினை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அவ்வழைப்பின் பின்னர் யார் பேசுகின்றார், யார் மௌனமாகின்றார் என்பதைக் கவனித்தல் நன்று.

ஐந்தாம் இரவு மருமகன் அயல்வீட்டுக்குத் தானே சென்று அந்த இளைஞனை அழைத்து வந்தான். பகடை மீண்டும் மேசைக்கு வந்தது. எனினும் எல்லா விதிகளும் வரவில்லை. எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்று ஐவரும் நெடுநேரம் வாதிட்டனர். பேசாதவன் இரண்டே விடயங்கள் கூறினான்: முறை இருக்கவேண்டும், உருண்ட பகடையை நடத்துநர் மாற்றக்கூடாது. இரண்டும் ஏற்கப்பட்டன. சாய்மனைக் கதிரையிலிருந்த முதியவர் அன்றிரவு எக்கேள்வியும் கேட்கவில்லை.